ஃபார்மேட்டுக்கு முன்

கருங்கல் சந்தைக்கு எதிரே
உரக்கடை மாடி.
யூரியா வாசமும் சால்டரிங் புகையும்
கலந்து கிடக்கும் சின்ன அறை.
சனிக்கிழமை சாயங்காலம்
ஷட்டர் பாதி இறங்கினால்
கூட்டம் தொடங்கிற்று என்று பொருள்.

ததேயுஸ் மதர்போர்டு.
ஷம்னா நெட்வொர்க்.
மேல்புறத்து விஜிலால், போன மாதத்திலிருந்து லினக்ஸ்.
நான் பிரிண்டர்.
பிரிண்டர்காரனுக்கு நாற்காலி கிடையாது,
ஏ-ஃபோர் கட்டின்மேல் இருக்கலாம்.

"ஒருக்கா போட்டுப் பாருடே,
வாழ்க்கையே மாறும்" என்பான் விஜிலால்.
"புதுசா சபை மாறினவன்கூட
ரெண்டு வாரம் பொறுப்பான் மக்கா,
நீ பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரனுக்கே
பென்டிரைவு குடுத்திருக்க."
ஷம்னா விடமாட்டாள்.
"ஒனக்க லேப்டாப்புல சவுண்டு வருதா?"
"அடுத்த வெர்ஷன்ல வரும்."
"அப்பம் இந்த வெர்ஷன்ல நீயே பாடு."

ததேயுஸின் கிராபிக்ஸ் கார்டு
அவன் அப்பாவின் வள்ளத்து எஞ்சினைவிட விலை.
குறும்பனை உப்புக்காற்றில்
ஏழே மாதத்தில் பச்சை பூத்தது.
"கருவாடு காயப்போடுற இடத்துல
கார்டை வச்சா இப்பிடித்தான்."
"களிம்பு இல்லடே, ஆர்ஜிபி.
பச்சை மட்டும் எரியுது."

இரவு விளையாட்டில்
என் பிங் இருநூற்று நாற்பது.
நான் துப்பாக்கியைத் தூக்கும்போது
எதிரி வீட்டுக்குப் போயிருப்பான்.
"நீ செத்த சேதி ஒனக்கே
அடியந்திரத்தன்னைக்குத்தான் தெரியும்."

அன்றைக்கு மேசைமேல் வந்தது
குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் சங்கத்து சிபியு.
மூடியைக் கழற்றினால்
ஷீட் புகைபோடும் கொட்டகை வாசம்.
பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி,
எக்ஸ்பி காலத்திலேயே காலமானது.
கூட வந்த சீட்டில் நீல மையில்:
டேட்டா வேண்டாம். ஃபார்மேட் செய்யவும்.

எடுத்தவுடன் அழிக்கிற வழக்கமில்லை எங்களுக்கு.
துழாவினோம்.
ரசீது, ரசீது, ரசீது,
பிறகு பின்பால்.
அதிக மதிப்பெண் பட்டியலில் ஐந்து வரி,
ஐந்திலும் ஒரே பெயர்: லில்லிபாய்.
முதல் வரி
மூன்று கோடியே பதினெட்டு லட்சம்.

ஷட்டருக்கு வெளியே மழை பிடித்தது.
பன்னிரண்டு பட்டன் மவுஸை ஒதுக்கிவைத்து
பழைய கீபோர்டில் இறங்கினான் ததேயுஸ்.
ஒன்பது லட்சம்.
ஷம்னா பதினொன்று.
விஜிலால் எண்ணிக்கை சொல்லவில்லை.
எனக்கு நாற்பத்திரண்டாயிரம்;
"அது பின்கோடா?" என்றார்கள்.

"இதை அழிக்கப்படாது."
"காப்பி எடு."
"ஃபைல் இல்லடே, ரிஜிஸ்ட்ரியில கிடக்கு."
கடைசியில் சங்கத்துக்கே போன் போட்டோம்,
ஸ்பீக்கரில்.
"லில்லிபாய்னு யாராவது...?"
"நாந்தான். பில்லு எவ்வளவு?"

ஸ்கோரைச் சொன்னோம்.
கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்,
இரண்டு பக்கத்திலும்.
"லே, அதுக்குத்தானே அழிக்கச் சொன்னேன்!
செவ்வாக்கிழமை ஆடிட்டு.
செயலாளரு கண்ணுல பட்டா தொலைஞ்சேன்."
பிறகு குரலைத் தாழ்த்தி:
"அந்த வெளையாட்டை மட்டும்
திரும்பப் போட்டுத் தருவியளா மக்களே?"

விஜிலால் பாய்ந்தான்:
"லினக்ஸ்லயும் ஓடும் அக்கா, ஒயின் போட்டா மதி."
"ஒயினா? அது கிறிஸ்மஸுக்கு
வீட்டுல போட்டு வச்சிருக்கேன்.
கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ஊத்தணும்?"

ஷம்னா சிரித்துச் சிரித்து
கிரிம்பிங் டூலைக் கீழே போட்டாள்.
நான் மெதுவாகச் சொன்னேன்:
"பிரிண்ட் எடுத்து வைக்கலாம்."
மூன்று தலைகளும் திரும்பின.
ததேயுஸ் எழுந்து
நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

எடுத்தோம்.
நீலம் தீர்ந்துபோயிருந்தது.
மஞ்சள் காமாலை பிடித்த பின்பால்,
மூன்று கோடிக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
"ஹெட் கிளீன் பண்ணவே தெரியாது,
இவனுக்கு நாற்காலி வேற!"

கோடு விழுந்தபடியே ஒட்டியிருக்கிறது சுவரில்.
நாற்காலியில் இப்போது
யாரோ ஒருத்தருடைய மானிட்டர்.